நவம்பர் 12: காலண்டர் தாளின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்தால் குப்பையில் போடுவது கிடையாது. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது இல்லையா, அதில் அன்றைக்கு மழை உண்டா, காற்று எந்தப் பக்கம், வயலில் என்ன வேலை என்று ரெண்டு வரி எழுதி, கம்பியில் குத்தி வைத்துவிடுவேன். பத்தாவது முடித்துவிட்டு அப்பாவோடு வயலில் இறங்கின காலத்திலிருந்து இந்தப் பழக்கம். கொஞ்சம் தாளைக் கரையான் தின்றது. கொஞ்சம் கஜா புயலில் நனைந்து கூழாகப் போனது. மிச்சம் ரெண்டு அட்டைப்பெட்டி பரண் மேலே இருக்கு.

இன்னைக்குக் காலையில் நவம்பர் 12-ம் தேதித் தாளைக் கிழிக்கும்போது, பழைய நவம்பர் 12 எல்லாம் எப்படி இருந்தது என்று பார்ப்போமே என்று பெட்டியை இறக்கினேன். பெரும்பாலும் சாதாரணமான நாள்தான். ‘தூறல். வாடைக்காற்று. களை எடுப்பு 6 ஆள்.’ ‘வெயில். மேலுரம் போட்டது. யூரியா 1 மூட்டை.’ ‘ராத்திரி நல்ல மழை. கிழக்கு வரப்பு உடைப்பு, அடைத்தாச்சு.’ இப்படித்தான் வருஷா வருஷம். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்வாங்க. நவம்பர் 12 என்பது ஐப்பசியின் கடைசி, கார்த்திகை பிறக்க நாலைஞ்சு நாள் இருக்கும் சமயம். வடகிழக்குப் பருவமழை நடு ஆட்டத்தில் இருக்கிற நேரம். வங்கக் கடலில் புயல் கட்டுவதற்கும் இதுதான் தோதான காலம்.

ஆனால் இந்த ஒரே தேதியில் மூன்று பெரிய விஷயம் நடந்திருக்கிறது. ஒன்றுக்கு என்னிடம் தாள் இருக்கு. இன்னொன்றுக்குத் தாள் இல்லை, ஆனால் நான் அந்த ராத்திரிக்குள்ளே இருந்தவன். மூன்றாவது எங்கேயோ தூரத்தில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டணத்தில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு மூன்றையும் சேர்த்துச் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் நான் பார்த்தது.

1977. எனக்கு எட்டு வயசு. எங்கள் ஊர் கீழ்வேளூருக்குத் தெற்கே, ஓடம்போக்கியாற்றுப் பாசனம். கடல் கிழக்கே ரொம்பத் தூரம் இல்லை. காற்று சரியாக இருந்தால் ராத்திரியில் கடல் சத்தம் லேசாகக் கேட்கும். அப்பாவுக்குச் சொந்தமாக ஒன்பது மா நிலம். எங்கள் பக்கத்துக் கணக்கில் மூணு மா ஒரு ஏக்கர். அதாவது மூணு ஏக்கர். கூரை வீடு, மண் சுவர், பின்னால் மாட்டுக் கொட்டகை. கொட்டகையில் செவலை, மயிலை என்று ஒரு ஜோடி உழவு மாடு, ஒரு பசு.

தீபாவளி முடிந்து ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. புதுச்சட்டையை நான் இன்னும் கழற்றவில்லை. அமாவாசை இருட்டு. பஞ்சாயத்து ரேடியோவில் புயல் என்று சொல்கிறார்கள் என்று கடைத்தெருவிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். இப்போது மாதிரி பெயர் எல்லாம் கிடையாது. நம்ம பக்கத்துக் கடலில் புயலுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் 2004-ல்தான் வந்தது. அன்றைக்கு வெறும் ‘புயல்’தான். இன்றைக்கும் எங்கள் ஊரில் அதை ‘எழுபத்தேழு புயல்’ என்றுதான் சொல்கிறோம்.

11-ம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வானம் செம்பு நிறத்தில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் வடக்கேயிருந்து காற்று பிடித்தது. விட்டு விட்டு அடித்தது, பிறகு விடாமல் அடித்தது. மழை மேலேயிருந்து விழவில்லை. பக்கவாட்டில் வந்து, சரளைக்கல்லை வாரி எறிகிற மாதிரி சுவரில் அடித்தது. நடு ராத்திரிக்கு மேல் கூரையின் வடக்குப் பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. அப்பாயி, அம்மா, அக்கா, நான் நாலு பேரும் பத்தாயத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டோம். அப்பா கதவை முதுகால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருத்தர் பேசினது இன்னொருத்தர் காதில் விழவில்லை.

விடிய ரெண்டு மணி நேரம் இருக்கும்போது காற்று நின்றது. குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றது. அரிக்கேன் விளக்கை ஏற்றினால் சுடர் ஆடாமல் நிற்கிறது. அப்படி ஒரு அமைதி. அப்பா விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். கொட்டகை தெற்கே சாய்ந்திருந்தது, ஆனால் விழவில்லை. மாடு மூன்றும் நடுங்கிக்கொண்டு நின்றன. அப்பா தட்டிக்கொடுத்து, நனையாத வைக்கோலாகப் பார்த்து இழுத்துப் போட்டுவிட்டு வந்தார். “ஓஞ்சிருச்சு. மாட்டுக்கு ஒண்ணுமில்ல” என்றார்.

அது ஓயவில்லை. புயலின் கண் எங்கள் தலைக்கு மேலே இருந்தது, அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லணும். புயல் என்பது சக்கரம் மாதிரி சுற்றுகிற காற்று. நடுவே ஓட்டை. அந்த ஓட்டைதான் கண். நம்ம பக்கம் புயல் கிழக்கேயிருந்து மேற்கே வரும்போது, முன் பாதியில் வடக்கேயிருந்து காற்று அடிக்கும். கண் கடக்கும்போது காற்றே இருக்காது. அரை மணி, ஒரு மணி நேரம் அப்படி இருக்கலாம். அப்புறம் பின் பாதி வரும்போது காற்று தெற்கேயிருந்து, எதிர்ப்பக்கமாக, எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் அடிக்கும். வடக்குக் காற்றில் ஆட்டம் கண்டு நிற்கிற மரமும் சுவரும் இந்தத் தெற்குக் காற்றில்தான் விழும்.

அப்பா விவரம் தெரியாதவர் இல்லை. 1952 நவம்பர் 30-ம் தேதி நாகப்பட்டினம் பக்கம் வந்த புயலைப் பார்த்தவர்தான். ஆனால் அந்தப் புயலில் எங்கள் ஊருக்குக் கண் வரவில்லை. காற்று நிற்காமல் அடித்துத் திரும்பி, அப்படியே ஓய்ந்திருக்கிறது. அதனால் காற்று நின்றால் புயல் முடிந்தது என்பதுதான் அவருடைய அனுபவம். ஒரு புயலைப் பார்த்தவனுக்கு அந்த ஒரு புயல்தான் தெரியும்.

தெற்குக் காற்று வந்தது. கொட்டகை இந்த முறை வடக்கே சாய்ந்தது. உத்தரம் முறிந்து மாடுகள் மேல் விழுந்தது. செவலையும் மயிலையும் முளைக்குச்சியில் கட்டியபடியே கிடந்தன. பசுவின் கயிறு பழசு. மாத்தணும் மாத்தணும் என்று அம்மா ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்த கயிறு. அது அறுந்து பசு ஓடிவிட்டது. ரெண்டு நாள் கழித்து சிவன் கோயில் மண்டபத்தில் ஊர் மாடுகளோடு நின்றதைப் பிடித்துக்கொண்டு வந்தோம். நல்ல கயிறு கட்டின மாடு செத்தது, இற்றுப்போன கயிறு கட்டின மாடு பிழைத்தது.

அப்பா அன்றைக்கு அழவில்லை. ரெண்டு மாட்டையும் புதைக்கக் குழி வெட்டும்போதும் அழவில்லை. ஆனால் கடைசி வரைக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “முடிச்சுக்கிட்ட கை போச்சுடா. அவுக்காம வைக்கோலைப் போட்டுட்டு வந்துட்டேன்.”

இனி அந்தப் புயலின் கணக்கு. 12-ம் தேதி சனிக்கிழமை விடியற்காலையில், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பத்து கிலோமீட்டருக்குள் அது கரை ஏறியது. கரை ஏறினால் வலுவிழக்கும் என்பார்கள். இது அப்படி உடனே அடங்கவில்லை. அன்று காலை தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டையில்கூட மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவாகியிருக்கிறது. திருச்சியில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி ஊருக்குள் புகுந்தன. இன்றைக்கும் திருச்சிப் பெரியவர்களைக் கேட்டால் எழுபத்தேழு வெள்ளம் என்று சுவரில் கையை வைத்து உயரம் காட்டுவார்கள். மறுநாள் அது கேரளத்தையும் தாண்டி அரபிக்கடலில் இறங்கிவிட்டது.

இறந்தவர்கள் 560 பேர். வீடு இழந்தவர்கள் 10 லட்சம் பேர். செத்த கால்நடை 23,000. எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி அஞ்சு மாசம்கூட ஆகாத சமயம். எங்கள் ஊருக்குக் கர்ணம் வந்து வீடு வீடாக எழுதிக்கொண்டு போனார். அந்த 23,000-ல் செவலையும் மயிலையும் ரெண்டு.

உழவு மாடு இல்லாத சம்சாரிக்கு அன்றைக்கு நிலம் இருந்தும் பயன் இல்லை. டிராக்டர் எல்லாம் எங்கள் பக்கம் பெரிய பண்ணைகளில் மட்டும்தான். அந்தப் போகத்துப் பயிரில் பாதி சாய்ந்து அழுகிவிட்டது. மறு வருஷம் மாடு வாங்க அப்பா மூணு மா நிலத்தை விற்றார். ஒன்பது மா ஆறு மா ஆனது. அக்கா ஆறாவது படித்துக்கொண்டிருந்தது. பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை, அம்மாவோடு கூலி வேலைக்குப் போனது. நான் பத்தாவது வரைக்கும் போனேன். நான் இப்போது இதை எழுதுகிறேன் என்றால் அது அக்கா விட்டுக்கொடுத்த படிப்பு. இதை நான் அக்காவிடம் நேரில் சொன்னது இல்லை.

சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19-ம் தேதி, ஆந்திராவில் கிருஷ்ணா ஆற்று முகத்துவாரத்தில் திவிசீமா பக்கம் இன்னொரு புயல் கரை ஏறியது. அங்கே கடல் ஊருக்குள் புகுந்து சுமார் 10,000 பேர் போனார்கள். அந்தச் செய்தியைப் பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டுவிட்டு வந்த ராத்திரி அப்பா சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லும்.

இப்போது தூரத்து விஷயம்.

1977-க்கு ஏழு வருஷம் முன்னால், இதே நவம்பர் 12-ம் தேதி. 1970, வியாழக்கிழமை ராத்திரி. இன்றைய வங்கதேசம் அப்போது கிழக்குப் பாகிஸ்தான். அங்கே மேக்னா ஆறு கடலில் கலக்கிற இடத்தில் போலா என்று ஒரு பெரிய தீவு. அதைச் சுற்றி ஆற்று வண்டல் படிந்து உண்டான சின்னச் சின்னத் திட்டுகள். நம்ம காவிரி டெல்டா மாதிரியே தட்டையான நிலம், நெல் வயல், வாய்க்கால், மாடு, மீன். நவம்பர் என்றால் அங்கே ‘ஆமன்’ என்கிற நெல் விளைந்து அறுப்புக்கு வருகிற நேரம். அறுப்பு வேலைக்கு வெளியூர் ஆட்களும் வந்து தங்கியிருந்தார்கள்.

வங்கக் கடல் வடக்கே போகப் போகப் புனல் மாதிரி ஒடுங்கும். ஆழமும் குறைவு. தெற்கேயிருந்து புயல் தள்ளிக்கொண்டு வருகிற தண்ணீர் பரவ இடமில்லாமல் மேலே எழும்பும். அன்றைக்குப் பௌர்ணமியை ஒட்டின நாள், கடல் ஏற்றம் வேறு. ரெண்டும் சேர்ந்து, இருபது அடிக்கு மேல் கடல் எழும்பித் தீவுகளின் மேல் ஏறியது. காலையில் தண்ணீர் வடிந்தபோது பல திட்டுகளில் ஒரு வீடுகூட இல்லை. இறந்தவர்கள் குறைந்தது மூன்று லட்சம் பேர் என்கிறார்கள். உலகத்தில் கணக்கு வைத்த புயல்களிலேயே இதைவிட உயிர் குடித்தது வேறு கிடையாது. தஜுமுத்தீன் என்ற ஒரு வட்டாரத்தில் மட்டும் நூற்றுக்கு 45 பேர் போய்விட்டார்கள். செத்த மாடு ரெண்டரை லட்சத்துக்கு மேல்.

அதற்குப் பிறகு அங்கே கிராமம் கிராமமாகப் போய் மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். அதில் ரெண்டு விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. ஒன்று, இறந்தவர்களில் பாதிக்கு மேல் பத்து வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள். இன்னொன்று, பிழைத்தவர்கள் பலருடைய நெஞ்சிலும் கையிலும் தொடையிலும் தோல் உரிந்த புண். ராத்திரி முழுக்க மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தொங்கினதால் வந்த புண். கையில் வலு இருந்தவன் மரத்தைப் பிடித்தான். பிள்ளைக்கும் கிழவிக்கும் அந்த வலு இல்லை.

புயல் வருகிறது என்று அந்த ஜனங்களுக்குத் தெரியாமல் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் உறுதியான கட்டடத்துக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஒருத்தர்தான். எங்கே போவார்கள்? திட்டில் கட்டடம் ஏது? தெரிந்தால் மட்டும் போதாது, போக ஒரு இடம் வேணும்.

அரசாங்கம் சரியாக உதவிக்கு வரவில்லை என்று ஜனங்களுக்குக் கோபம். அடுத்த மாசம், டிசம்பர் 7-ல் தேர்தல். ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கிழக்கே 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ ஜெயித்தது. மேற்கே இருந்தவர்கள் ஆட்சியைக் கொடுக்கவில்லை. சண்டை வந்தது. 1971 டிசம்பரில் வங்கதேசம் என்று தனி நாடே பிறந்துவிட்டது. அதற்குக் காரணம் ஆயிரம் உண்டு. மொழி, ஓட்டு, ராணுவம் எல்லாம் உண்டு. ஆனால் இந்தப் புயலும் அதில் ஒன்று.

நாடு பிறந்த மறு வருஷமே, 1972-ல், செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்று ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஊர் தொண்டர்கள். கையில் ஒலிபெருக்கியும் கொடியும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்வது அவர்கள் வேலை. தூண் மேல் நிற்கிற புயல் காப்பிடங்கள் கட்டினார்கள். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. 1991 ஏப்ரலில் வந்த புயலிலும் ஒரு லட்சத்துக்கு மேல் போனார்கள். ஆனால் 2007 நவம்பரில் சித்ர் என்ற பெரிய புயல் வந்தபோது இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். அதுவும் பெரிய எண்ணிக்கைதான். ஆனாலும் மூன்று லட்சம் எங்கே, மூவாயிரம் எங்கே.

நான் இதைப் படித்தபோது கண்ணில் பட்ட இன்னொன்று ‘கில்லா’. முஜிப் கில்லா என்று சொல்கிறார்கள். கில்லா என்றால் கோட்டை. கோட்டை எல்லாம் இல்லை, உயரமாகக் கொட்டி வைத்த மண்மேடு. புயல் சமயத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் ஏற்றுவதற்கு. மாட்டை விட்டுவிட்டு மனுஷன் மட்டும் காப்பிடத்துக்கு வா என்றால் சம்சாரி வரமாட்டான் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாட்டுக்கு மேடு போட்டானா? நல்லா இருக்கட்டும்” என்றார்.

எழுபத்தேழுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம். புயல் என்று செய்தி வந்தால் முதலில் மாட்டை அவிழ்க்கணும். அரிசி, துணி, நகை எல்லாம் அப்புறம். கயிறு கட்டுகிற விதத்தையும் அப்பா மாற்றிவிட்டார். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. சின்னப் பிள்ளைகூட இருட்டில் அவிழ்க்கலாம். 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா வந்தபோது, முந்தின நாள் சாயங்காலமே திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “அவுத்தாச்சா? அவுத்தாச்சா?” என்று நாலு தடவை கேட்டார். வேதாரண்யம் பக்கம் தென்னை எல்லாம் சீப்பில் வாரின மாதிரி படுத்துப்போன அந்த ராத்திரியில், எங்கள் மாடு ரெண்டும் ஆற்றங்கரை மேட்டில் நின்றன. காலையில் தானாக வந்துவிட்டன. அப்பா 2020-ல் போய்விட்டார்.

இனி மூன்றாவது நவம்பர் 12. இதற்குத் தாள் இருக்கு. 2022, சனிக்கிழமை. அதில் நான் எழுதியிருப்பது: ‘நமக்கு மிதமான மழை. சீர்காழியில் 44. அக்கா போன்.’

அக்காவைக் கட்டிக்கொடுத்தது சீர்காழிக்குக் கிழக்கே. அன்றைக்குப் புயல் எதுவும் இல்லை. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, அவ்வளவுதான். அதற்குப் பெயர்கூட வைக்க மாட்டார்கள். காற்றும் இல்லை. ஆனால் 11-ம் தேதி ராத்திரி பிடித்த மழை சீர்காழி மேலேயே நின்று கொட்டியது. 12-ம் தேதி காலை எட்டரை மணி வரைக்குமான 24 மணி நேரக் கணக்கு 44 சென்டிமீட்டர்.

பட்டணத்தில் இருப்பவர்களுக்கு 44 சென்டிமீட்டர் என்றால் ஒரு எண்ணாகத்தான் இருக்கும். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் நிலத்தில் 44 சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 17 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். உங்கள் அடுக்குமாடிக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரி இருக்கிறதே, அதில் 148 லாரி. ஒரே ஒரு ஏக்கருக்கு, ஒரே நாளில். எங்கள் கடலோர டெல்டாவில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் மூன்று மாசம் சேர்ந்து பெய்கிற மழையே சுமார் 90 சென்டிமீட்டர்தான். அதில் பாதி ஒரு ராத்திரியில் வந்துவிட்டது.

விடியற்காலை நாலு மணிக்கு அக்கா போன் பண்ணியது. “தம்பி, வாசப்படி தாண்டி உள்ள வந்துருச்சுடா.”

எனக்கு முதலில் வாயில் வந்தது, “மாட்ட அவுத்தியாக்கா?”

“சாயங்காலமே அவுத்துட்டேன். ரோட்டு மேல நிக்கிதுவோ. அப்பா சொன்னது மறக்குமா?”

அப்புறம்தான் மற்றதைக் கேட்டேன். மாமாவுக்கு மூட்டுவலி, அவரைப் பக்கத்து மாடி வீட்டில் ஏற்றியாச்சு. நெல் மூட்டை ரெண்டு நனைந்துபோச்சு. வயல் தெரியவில்லை. “வயல் எங்க, வாய்க்கா எங்கன்னு தெரியலடா. எல்லாம் ஒரே வெள்ளையா கெடக்கு.”

நாலு நாள் கழித்துதான் என்னால் போக முடிந்தது. அப்போதும் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. மழை விட்டும் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். டெல்டாவின் கடைமடை கடல் மட்டத்தை விடப் பெரிய உயரம் கிடையாது. வடிகால் ஆறு வழியாகத்தான் கடலுக்குப் போகணும். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது அது வாங்காது. வடிகாலில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடந்தால் அதுவும் போகாது. வருகிற தண்ணீருக்குக் கணக்கு இருக்கிற அளவுக்குப் போகிற தண்ணீருக்கு நம்மிடம் கணக்கு இல்லை.

அக்காவுக்கு ரெண்டரை ஏக்கர் சம்பா. நட்டு 45 நாள் ஆன பயிர், தூர் கட்டுகிற பருவம். அந்தப் பருவத்தில் பயிர் முழுசாக மூழ்கி ஒரு வாரம் கிடந்தால் குருத்து அழுகிவிடும். பிடுங்கி மோந்து பார்த்தால் தெரியும். எட்டாம் நாள் தண்ணீர் வடிந்தபோது பள்ளத்து வயல் முழுக்க அழுகல் வாடை. மேட்டில் இருந்த அரை ஏக்கர் மட்டும் பிழைத்தது. நாங்கள் அந்த அரை ஏக்கர்ப் பயிரின் தூரைப் பிரித்து, பிழைக்கும் என்று தெரிந்த இடத்தில் எல்லாம் ஊன்றினோம். எனக்கும் அக்காவுக்கும் சேர்ந்து நடவு நட்டு முப்பத்தஞ்சு வருஷம் இருக்கும். சேற்றில் குனிந்தபடியே அக்கா சொன்னது: “எழுபத்தேழுல நான் நடவுக்கு எறங்குனேன். இப்பவும் அதே தேதிக்கு நடவு.” கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் அக்காவுக்கு ஏக்கருக்கு 12 மூட்டைதான் கண்டது. நல்ல வருஷம் என்றால் 30 காணும். சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் அரசு கொடுத்தது, அதையும் வாங்கியது. நகைக்கடன் அந்த வருஷம் திரும்பவில்லை.

மறு வருஷம் நான் அக்காவுக்கு சி.ஆர். 1009 சப் 1 விதை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒடிசாவில் வெள்ளம் தாங்கி வளர்கிற ஒரு பழைய நெல் ரகம் உண்டு. அதனுடைய குணத்தை நம்ம 1009-ல் ஏற்றி உண்டாக்கிய ரகம் இது. பயிர் முழுசாக மூழ்கினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும், தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். எல்லா வெள்ளத்துக்கும் இது மருந்து இல்லை. ஆனால் பள்ளத்து வயல்காரனுக்கு ஒரு பிடிமானம்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். 1970-ல் செய்தி இருந்தது, போக இடம் இல்லை. 1977-ல் எங்கள் அப்பாவுக்கு அனுபவம் இருந்தது, ஆனால் அது வேறொரு புயலின் அனுபவம். 2022-ல் செய்தியும் இருந்தது, மாடி வீடும் இருந்தது, மாட்டையும் அவிழ்த்தாச்சு. மனுஷனும் மாடும் பிழைத்தது, பயிர் பிழைக்கவில்லை. அக்காவின் வீட்டுக்குள் வந்தது கடல் இல்லை, காற்றும் இல்லை. வடிய வழி இல்லாத மழைத் தண்ணீர்.

ஊரில் அப்பா அம்மா இருக்கிறவர்கள் இதை வாசித்தால் ஒரு உதவி செய்யுங்கள். புயல் என்று செய்தி வந்தால் போன் பண்ணி, பத்திரமாக இருங்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். காற்று நின்றால் வெளியே போகாதீர்கள், இன்னும் பாதி இருக்கு என்று சொல்லுங்கள். மாட்டை அவிழ்த்தாச்சா என்று கேளுங்கள். கண் என்றால் என்ன என்று 1977-ல் யாராவது ஒருத்தர் அப்பாவிடம் சொல்லியிருந்தால், அந்த அரை மணி நேரத்தில் அவர் முடிச்சில் கை வைத்திருப்பார்.

இன்றைய தாளில் எழுதிவிட்டேன்: ‘லேசான தூறல். வாடைக்காற்று. களை எடுப்பு நாளைக்கு.’ சாயங்காலம் அக்காவுக்குப் போன் பண்ணணும். படிப்பு விஷயத்தையும் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று இருக்கேன்.